தேகப்பயிற்சிச் சாலையில் மரியாதை

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடியேறும் தமிழர் முதலில் தேடுவது குடியிருக்க ஒரு வீடு. அடுத்துத் தேடுவது நல்ல காப்பிப்பொடி. கொல்கத்தாவில் இவ்விரண்டுக்கும் நம்மவர்கள் நெடுங்காலமாக லேக் மார்க்கெட்டையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் நம்பி வந்திருக்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ரவீந்திர சரோவர் ஏரி. விடியற்காலையில் அதன் கரையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும் மரத்தடியில் மூச்சுப் பயிற்சி செய்பவர்களுமாக ஒரு சிறு திருவிழாவே நடந்துகொண்டிருக்கும். நம் இளைஞர்கள் சில நாட்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் உடம்பைத் தேற்றிக்கொள்ள விரும்பி, தெருமுனையில் உள்ள தேகப்பயிற்சிச் சாலை ஒன்றிலே பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். அங்கே எவ்வாறு நடந்துகொள்வது என்பதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

இதற்கும் ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று சிலர் நகைக்கக்கூடும். பந்தியிலே போடும் வாழையிலையின் நுனி எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்பதற்குக்கூட நம்மிடம் முறை உண்டு. அம்முறை பிறழ்ந்தால் யாருக்கும் எலும்பு முறிவதில்லை. தேகப்பயிற்சிச் சாலையிலோ முறை பிறழ்ந்தால் எலும்பு முறிவதும் உண்டு. ஆதலின் இதைப் பற்றிப் பேசுவது வீண்பேச்சு ஆகாது.

ஹௌரா பாலத்தின் கிழக்கு முனையிலே மல்லிக் காட் என்ற பூச்சந்தை இருக்கிறது. அதனருகே ஹூக்ளி நதிக்கரையில் ஒரு குஸ்திக் கோதா உண்டு. வங்காளிகளும் ஹிந்தி பேசுவோரும் இத்தகைய இடத்தை அகாடா என்பார்கள். பொழுது புலரும் வேளையில் அங்கே செல்பவர் முதலில் காண்பது குஸ்தியை அல்ல. ஒருவர் மண்வெட்டியால் மண்ணைக் கொத்திக்கொண்டிருப்பதையே காண்பார். வருகிறவர் ஒவ்வொருவரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறார். மூலையில் உள்ள அனுமன் திருவுருவத்துக்கு ஒரு கும்பிடு போடுகிறார். பிறகு முறை வரும்போது தாமும் மண்வெட்டியை வாங்கிக்கொள்கிறார்.

அந்த மண் சாதாரண மண் அன்று. கல்லும் ஓடும் நீங்கச் சலித்து, கடுகெண்ணெய், மஞ்சள், வேப்பிலை, மோர் முதலியவற்றைக் கலந்து பதப்படுத்திய மண். இடத்துக்கு இடம் சேர்மானம் சிறிது மாறும். நாள்தோறும் கொத்திப் புரட்டாவிட்டால் அது இறுகித் தரைபோல் ஆகிவிடும். அதன்மேல் முதுகு பட விழுகிறவன் எழுந்திருக்க நேரமாகும். கொத்துவதால் தோளும் இடுப்பும் வலுப்பெறுகின்றன என்பது உண்மையே. ஆனால் அதன் பயன் அத்துடன் முடிந்துவிடவில்லை. கொத்துகிறவன் தான் விழுவதற்கும் பிறன் விழுவதற்கும் சேர்த்தே மெத்தை விரிக்கிறான். இன்னும் சிறிது நேரத்தில் தன்னோடு பொருதப் போகிறவன் விழும் இடத்தைத் தன் கையாலேயே மென்மையாக்கி வைக்கும் வழக்கம் வேறு எந்த விளையாட்டில் உண்டு என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

பிறகு இருவர் களத்தில் இறங்குகிறார்கள். வேர்வையால் வழுக்கும் உடம்பில் பிடி கிடைக்கும்பொருட்டு, ஒருவர் மேல் ஒருவர் மண்ணைத் தூவுகிறார்கள். எதிரிக்குப் பிடி கிடைக்க நாமே உதவுவது ஒரு விசித்திரமான மரியாதைதான். மூத்தவர் இளையவரோடு பொரும்போது தம் முழுப் பலத்தையும் காட்டுவதில்லை. இளையவரால் தாங்கக்கூடிய அளவுக்கு ஒரு மாற்றுக் கூடுதலாகக் காட்டுவார். வலி பொறுக்காமல் ஒருவர் கையால் தட்டினால் மற்றவர் அக்கணமே பிடியைத் தளர்த்துவார், கேள்வி கிடையாது. நதிக்கரைக் கோதாக்களில் இவ்வாறு பயிலுவோரிற் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைப்பை நாடி வந்தவர்கள். நம்மைப்போலவே அவர்களும் இவ்வூருக்கு அயலார். இரயிலை விட்டு இறங்கியவனுக்கு இந்நகரில் யாரையும் தெரியாதிருக்கலாம். மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளத் தெரிந்தால் போதும், அன்று காலையிலேயே அவனோடு தோள் பொருத ஒருவர் கிடைத்துவிடுவார்.

இம்மரியாதை ஏழை எளியவர்களுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. பெருஞ்செல்வர் இல்லங்களிலும் மண் கோதா இருந்தது. மகாகவி ரவீந்திரநாத் தாகூர் தம் பிள்ளைப் பருவத்தைப் பற்றி 1940-இல் வெளியிட்ட 'சேலேபேலா' என்ற நூலில், பொழுது விடியுமுன் எழுந்து ஒற்றைக்கண் மல்லர் ஒருவரிடம் குஸ்தி பயின்றதை நினைவுகூர்கிறார். பிள்ளை நாள்தோறும் மண்ணிலே புரண்டு வருவதால் மேனி கறுத்துவிடுமே என்று அன்னையார் கவலைப்பட்டாராம். ஜோராசாங்கோ மாளிகையின் குமாரனும் கோதாவுக்குள் இறங்கினால் மண்பூசிய ஓர் உடம்பே அன்றி வேறல்ல.

வடகொல்கத்தாவில் அம்பிகா சரண் குஹ என்ற செல்வந்தர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒரு பெரிய அகாடாவை நடத்தினார். அவருடைய பேரர் ஜதீந்திர சரண் குஹ, உலகம் கோபர் குஹ என்று அறிந்த மல்லர். 1892-இல் பிறந்த இவர் கடல் கடந்து சென்று, 1921-இல் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில் ஆட் ஸாண்டெல் என்பவரை வென்று இலகு கனரகப் பிரிவில் உலக வீரர் பட்டத்தைப் பெற்றார். பிற்காலத்தில் கோவாபாகான் தெருவில் இருந்த தமது அகாடாவில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். பாடகர் மன்னா தே இளமையில் அவரிடம் குஸ்தி கற்றவர். 'செம்மீன்' திரைப்படத்தில் அவர் பாடிய பாட்டைக் கேட்டு உருகிய நம்மவர்களுக்கு, அக்குரலுக்கு உரியவர் தொடக்கத்தில் மண்ணிலே புரண்டவர் என்பது வியப்பாக இருக்கும். இசைக்கும் குஸ்திக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டிலும் குருவின் முன் குனியவேண்டும் என்பதே.

மண்ணை விட்டு இரும்புக்கு வந்த காலமும் இந்நகரிலேயே தொடங்கியது எனலாம். பரமஹம்ஸ யோகானந்தரின் தம்பி பிஷ்ணு சரண் கோஷ் 1923-இல் இங்கே ஓர் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1920-இல், நம் சென்னையில் ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.ஸி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. 1951-இல் மனோதோஷ் ராயும் 1952-இல் மனோஹர் ஆயிச்சும் உலக அழகர் போட்டியில் தத்தம் பிரிவில் வென்று வங்கத்துக்குப் புகழ் தேடித் தந்தார்கள். ஆயிச்சின் உயரம் நான்கடி பதினோரு அங்குலம். ஆங்கிலேயர் விமானப் படையில் இருந்தபோது ஓர் அதிகாரியை அறைந்து சிறை சென்ற அவர், அங்கே கருவி ஏதுமின்றியே உடம்பை வளர்த்தார். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானபோது அவருக்கு வயது 104. கருவியே இல்லாமல் பயிற்சி செய்தவர்களின் ஊரிலே, ஒரு கருவிக்காக இருவர் முகம் திருப்பிக்கொள்ளும் காட்சியை இன்றைய குளிரூட்டப்பட்ட ஜிம்களில் காணும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே தேகப்பயிற்சிச் சாலை என்றால் போலீஸாருக்கு ஐயம் பிறக்கும். 1902-இல் அமைந்த அனுசீலன் சமிதி வெளித்தோற்றத்தில் கம்பு சுழற்றவும் குஸ்தி பழகவும் கற்பிக்கும் சங்கம். உள்ளே விடுதலை வேட்கை கனன்றது. அது தனிப் பெருங்கதை. இங்கு வேண்டுவது, இக்கழகங்களில் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்துப் பழகினார்கள் என்ற செய்தி ஒன்றே.

இவ்விடத்தில் சுவாமி விவேகானந்தரின் வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். அப்போது அவர் நரேந்திரநாத் என்ற மாணவர். 1867-இல் ஹிந்து மேளா என்ற விழாவைத் தொடங்கிய நவகோபால் மித்திரர் ஒரு தேகப்பயிற்சிச் சாலையையும் நடத்தி வந்தார். நரேந்திரரும் தோழர்களும் அங்கே பயின்றார்கள். ஒருநாள் கனமான ஊஞ்சற்கம்பம் ஒன்றைத் தூக்கி நிறுத்த முயன்றார்கள், முடியவில்லை. தெருவிலே கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தில் நின்ற ஆங்கிலேய மாலுமி ஒருவரைப் பார்த்து நரேந்திரர் உதவி கேட்டார். அவரும் மனமுவந்து கை கொடுத்தார். கம்பம் எழும்பும்போது எதிர்பாராமல் சரிந்து மாலுமியைத் தாக்கியது. அவர் இரத்தம் சிந்தி நினைவிழந்து விழுந்தார். வெள்ளைக்காரர் இறந்துவிட்டார் என்று எண்ணிக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஓடிவிட்டார்கள். அக்காலத்தில் அப்படி ஓடியதற்குக் காரணம் இல்லாமலில்லை. நரேந்திரரும் ஓரிரு தோழர்களும் மட்டும் நின்றார்கள். அவர் தம் வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டினார். முகத்திலே நீர் தெளித்தார். நினைவு திரும்பியதும் அருகிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் சென்று மருத்துவரை வரவழைத்தார். ஒரு வாரம் பணிவிடை செய்து, நலமடைந்தபின் நண்பர்களிடம் சிறிது பணம் திரட்டிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

இந்நிகழ்ச்சியை வீரத்துக்கும் இரக்கத்துக்கும் உதாரணமாகச் சொல்வார்கள். நான் இதைத் தேகப்பயிற்சிச் சாலையின் முதற் பாடமாகவே கொள்கிறேன். பாரத்தை ஏற்றியவன், ஏற்றிய பாரத்துக்குப் பொறுப்பாளி. சரிந்தபின் ஓடாதிருப்பது பெரிய குணம். சரியாதபடி வைத்துவிட்டுப் போவது எல்லோராலும் முடிந்த சிறிய குணம். இந்தச் சிறிய குணமும் எனக்கு ஒரு காலத்தில் இல்லாதிருந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வூருக்கு வந்த புதிதில், தென்பகுதியில் ஒரு சிறிய வியாயாம சமிதியில் சேர்ந்தேன். தகரக் கூரை, ஒரு பக்கம் மண் கோதா, மறுபக்கம் இரும்புச் சாமான்கள். சேர்ந்த முதல் வாரத்திலே ஒருநாள், படுத்தபடி மார்புக்கு மேல் பளு தூக்கும் பலகையில் பயிற்சி முடித்தேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது. எடைத்தட்டுகளைக் கழற்றி வைக்கவேண்டும் என்பது தெரியும். ஒரு பக்கத்துத் தட்டுகளைக் கழற்றினேன். மறுபக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்த இரும்புக் கம்பி இரண்டு தாங்கிகளின் மேல் தராசுக்கோல் போலக் கிடப்பது. பாரம் தாங்கிகளுக்கு வெளியே தொங்குகிறது. ஒரு தட்டிலே மட்டும் பாரம் வைத்த தராசு என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. நான் வாயிலைத் தாண்டுவதற்குள் பின்னால் பெரும் ஓசை கேட்டது. ஒரு சிறுவனின் அலறலும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பையன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் பேருந்தைப் பிடிக்கச் சென்றுவிட்டேன். நரேந்திரரின் கதையை நான் பள்ளிப் பருவத்திலேயே படித்தவன். படித்திருந்தும், ஓடியவர்கள் பக்கத்திலேயே இருந்தேன்.

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. பையனுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை பாதி. 'அந்த மத்ராஸி செய்தான்' என்று பேட்டை முழுவதும் பேசுவார்களே என்ற கவலை மற்றப் பாதி. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இந்த இரண்டாவது கவலை புதிதன்று. ஊரிலே ஒருவன் தவறு செய்தால் அவன் பெயரைச் சொல்வார்கள். இங்கே தவறு செய்தால் அவன் மொழியைச் சொல்வார்கள். அதே தெருவில் ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஒருவன் அவசரம் அத்தனை வீட்டு வாயிலிலும் போய் நிற்கும்.

மாலையில் விசாரித்துக்கொண்டு பையனின் வீட்டுக்குப் போனேன். இரண்டு விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன, எலும்பு முறியவில்லை. அவனுடைய தாயார் என்னை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. மறுநாள் சமிதிக்குச் சென்றபோது ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அங்கே ஆசிரியராக இருந்த முதியவர் மட்டும் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, கோதாவைச் சுட்டிக் காட்டினார். நான் குஸ்தி பழகுபவன் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் கொத்தத் தொடங்கினேன். ஆறு வாரம் ஞாயிறுதோறும் கொத்தினேன். இது தண்டனையா, அல்லது என்னைத் தங்களுள் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டதன் அடையாளமா என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

தட்டுகளை வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என மாற்றி மாற்றிக் கழற்றவேண்டும், ஏற்றும்போதும் அவ்வாறே. கழற்றியவற்றை எடைவாரியாக அதனதன் இடத்தில் வைக்கவேண்டும். உங்களுக்குப் பின் வருகிறவர் அறுபது வயது முதியவராக இருக்கலாம். முதல் நாள் வந்த பெண்ணாக இருக்கலாம். நீங்கள் பெருமையோடு தூக்கிய நாற்பது கிலோவை இறக்கி வைப்பதற்கே அவர் தம் பலத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. கம்பியைத் தரையில் ஓங்கிப் போடுவது பலத்தின் அறிகுறி என்று சிலர் எண்ணுகிறார்கள். மெதுவாக இறக்குவதற்கே அதிகப் பலம் வேண்டும் என்பதை எந்த ஆசிரியரும் சொல்வார்.

பளு தூக்குகிறவர் தம் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொள்ளும்படி உங்களைக் கேட்டால், அது ஒரு பெரிய நம்பிக்கை. எத்தனை முறை தூக்கப் போகிறீர்கள், எப்போது நான் கை கொடுக்கவேண்டும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முடிக்கும் வரையில் கண்ணை வேறு பக்கம் திருப்பலாகாது. கைப்பேசி ஒலித்தாலும் எடுக்கலாகாது. அவர் திணறாதபோது கம்பியைத் தொட்டுவிடுவதும் பிழையே. அன்றைய முயற்சியின் பலனை அவரிடமிருந்து பறித்ததாகும்.

துண்டு ஒன்றைக் கொண்டுபோய்ப் பலகையின்மேல் விரித்துப் படுப்பது, எழுந்ததும் வேர்வையைத் துடைப்பது ஆகியவற்றைப் பகட்டு என்று கருதவேண்டாம். கொல்கத்தாவில் வைகாசி முதல் ஐப்பசி வரையில் காற்றே ஈரத்தால் கனத்திருக்கும். படர்தாமரை முதலிய தோல்நோய்களை உண்டாக்கும் காளான் வகைகள் ஈரத்திலும் வெப்பத்திலும் செழிப்பவை. ஒருவர் உடம்பிலிருந்து பலகைக்கும், துணிக்கும், அங்கிருந்து அடுத்தவர் உடம்புக்கும் செல்பவை. தெருவிலே நடந்த செருப்போடு உள்ளே வராதிருப்பதும் இதே காரணத்தால்தான். படர்தாமரை கண்டவர் அது தீரும் வரையில் குஸ்திக் களத்தில் இறங்காதிருப்பதே மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

இரும்புக்குண்டையோ கர்லாக்கட்டையையோ காலால் உருட்டித் தள்ளுவதை இங்கே யாரும் பொறுக்கமாட்டார்கள். நமக்கும் இது புதிதன்று. சரஸ்வதி பூஜையை ஒட்டி நாம் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். வங்காளிகள் செப்டம்பர் மாதத்தின் நடுவே வரும் விசுவகர்ம பூஜையன்று அதைச் செய்கிறார்கள். கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் இரு சாராருக்கும் பொது. தெரியாமல் பட்டபோது அவ்வாறு ஒற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவரின் முகம் உடனே மலர்வதைக் காண்பீர்கள்.

இனி, பேசும் முறை. நம் சென்னைத் திரைப்படங்கள் 'தாதா' என்ற சொல்லுக்கு ஒரு பொருளைக் கற்பித்து வைத்திருக்கின்றன. அதை ஹௌரா இரயில் நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். இங்கே தாதா என்றால் அண்ணன். மூத்தவரைப் பெயர் மட்டும் சொல்லி அழைப்பதில்லை. பெயரின் இறுதியில் 'தா' சேர்த்து அழைப்பார்கள். பெண்களைத் தீதி என்பார்கள், அதாவது அக்கா. முன்னிலைச் சொல்லிலே நம்மவர் பெரிதும் இடறுகிறார்கள். வங்க மொழியில் ஆப்னி, துமி, துயி என மூன்று படிகள் உண்டு. நம்மிடமும் நீங்கள், நீர், நீ என மூன்று இருந்தனவே எனலாம். ஆயினும் நெல்லைப் பக்கத்தைத் தவிரப் பிற இடங்களில் 'நீர்' அருகிவிட்டது. ஆப்னி என்பது மரியாதைக்கு. துமி உறவினர்க்கும் பழகியவர்க்கும் உரியது. துயி என்பது நெருங்கிய நண்பர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஆவது. சமிதியில் நெடுநாள் பழகியவர்கள் ஒருவரையொருவர் துயி என்று உரக்க விளிப்பதைக் கேட்டு, அதுவே அங்கு வழக்கம் என்று நினைத்து முதல் நாளே அவ்வாறு பேசிவிடலாகாது. எல்லோரிடமும் ஆப்னி என்றே தொடங்குங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் மூத்தவர் ஒருவர் தாமாகவே, 'துமி என்றே சொல்' என்பார். அந்தச் சொல் வரும்வரையில் காத்திருப்பது நன்று.

ஒருவர் ஒரு கருவியில் பயின்றுகொண்டிருக்கும்போது நமக்கும் அது வேண்டுமானால், பக்கத்தில் நின்று பெருமூச்சு விடுவதை விட, 'தாதா, ஆர் கொட்டா பாக்கி?' என்று கேட்கலாம். இன்னும் எத்தனை மீதி என்பது பொருள். பாக்கி என்ற சொல் நம் மளிகைக் கடைக் கணக்கிலும் இருப்பதால் நாவுக்கு எளிதில் வரும். அவர் இளைப்பாறும் இடைவேளைகளில் நீங்கள் பயின்றுகொள்ள இடம் தருவார். உங்களிடம் ஒருவர் கேட்டாலும் அவ்வாறே இடம் தரவேண்டும். கருவியின்மேல் அமர்ந்துகொண்டு கைப்பேசியில் ஆழ்ந்துவிடுவது, ஓடாத பேருந்தில் இருக்கை பிடித்தவனின் செயல் போன்றது.

கேளாமல் அறிவுரை சொல்வதில் நம்மவர்க்கும் வங்காளிகளுக்கும் போட்டி வைத்தால் வெற்றி யாருக்கு என்று சொல்வது அரிது. ஒருவர் தமக்குத் தீங்கு விளையும் வகையில் பளு தூக்குவதைக் கண்டால் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். மற்றபடி ஒருவரின் தொந்தி, மெலிவு, உணவு ஆகியவை பற்றி வாய் திறவாதிருப்பது நலம். மீன் உண்டால்தான் உடம்பு தேறும் என்று அவர்கள் உங்களிடம் சொல்வார்கள், புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்கள் இப்போது பெருவாரியாக வருகிறார்கள். இதைப் புதுமை என்று எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தாகூர் குடும்பத்தின் மகள்வழிப் பேத்தியான சரளாதேவி சௌதுராணி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வங்க இளைஞர்களுக்குக் கம்பும் வாளும் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தவர். பெண் பயிலும்போது உற்றுப் பார்ப்பதும், கேளாமலே கற்பிக்க முற்படுவதும் அநாகரிகம். கண்ணாடியின் முன் நின்று தம்மைப் படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள், பின்னால் பயிலும் பிறரும் அப்படத்தில் விழுகிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். வேர்வையும் களைப்புமாக உள்ள ஒருவரை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பது, அடுத்த வீட்டுச் சன்னலில் எட்டிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

துர்க்கா பூஜை முடிந்து விஜயதசமி வந்ததும் எங்கள் சமிதியில் இளையவர்கள் மூத்தவர்களின் பாதத்தைத் தொட்டு வணங்குவார்கள். சமவயதினர் தழுவிக்கொள்வார்கள். பிறகு இனிப்பு வரும். அவ்வாண்டு விஜயதசமியன்று எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னிடம் அந்தப் பையன் வந்து குனிந்தான். நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன். முதலில் பார்த்தது அவன் காலைத்தான். நகங்கள் வளர்ந்திருந்தன. அவன் எனக்கு வைத்த பெயர் 'கோதால்-தா'. கோதால் என்றால் வங்க மொழியில் மண்வெட்டி.

இப்போது அவனுக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. அதே சமிதியில் காலை வேளையில் சிறுவர்களுக்கு அவனே ஆசிரியன். எனக்குப் பளு தூக்கும் வயது போய்விட்டது. தண்டாலும் பஸ்கியும் இருபதுக்கு மேல் ஓடுவதில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் ஓர் ஓரமாக உட்காருவேன். அவன் பலகையிலிருந்து எழுந்து, வலப்புறம் ஒரு தட்டு, சுற்றிவந்து இடப்புறம் ஒரு தட்டு என்று கழற்றும்போது, கடைசித் தட்டு இறங்கும்வரையில் நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.